பத்மாசனி சிரேஷ்ட விரிவுரையாளராக இருந்ததில்லை

செவ்வாய்க்கிழமை காலை வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் மீன்காரரோடு விலை பேசிக்கொண்டு நின்றபோது கைபேசி அதிர்ந்தது. எங்கள் திணைக்களத்தின் வட்ஸ்அப் குழு. "எமது விலங்கியல் திணைக்களத்தின் முன்னாள் சிரேஷ்ட விரிவுரையாளர் கலாநிதி பத்மாசனி அவர்கள் காலமாகிவிட்டார் என்பதை ஆழ்ந்த துயரத்துடன் அறியத்தருகிறோம்." அதற்குக் கீழே கும்பிடும் கைகள், வரிசையாக. மீனை விட்டுவிட்டுப் பக்கத்துக் கடைப் படியில் இருந்துவிட்டேன். முதலில் அழுகை வந்தது என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். முதலில் வந்தது எரிச்சல். அந்த ஒரே வாக்கியத்தில் இரண்டு பொய்கள் இருந்தன.

பத்மாசனி சிரேஷ்ட விரிவுரையாளராக இருந்ததில்லை. ஏன், வெறும் விரிவுரையாளராகக்கூட இருந்ததில்லை. ஏழு வருடங்கள் தற்காலிக உதவி விரிவுரையாளராக இருந்தார். கலாநிதியும் இல்லை, முதுதத்துவமாணி. உயிரோடு இருந்தபோது ஒரு நாற்காலியைக்கூட நிரந்தரமாகக் கொடுக்க மனம் வராத திணைக்களம், ஐம்பத்துமூன்று வயதில் அவர் மாரடைப்பில் போய் அரைநாள் ஆவதற்குள் இரண்டு பதவி உயர்வுகளைக் கொடுத்துவிட்டது. விண்ணப்பம் கேட்கவில்லை, நேர்முகப் பரீட்சை வைக்கவில்லை, செத்துப்போனதே போதுமான தகைமையாக இருந்தது. குழுவில் ஒருவரும் அதைத் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை. நானும் கும்பிடும் கைகளைத்தான் போட்டேன்.

முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் போடுகிறோம், நீங்கள்தான் எழுதவேண்டும் என்று அவருடைய தங்கை வசந்தி கேட்டதால் இதை எழுதுகிறேன். அந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது பலர் சாப்பாட்டுப் பந்திக்குக் காத்திருப்பீர்கள். உங்களில் பாதிப் பேர் உங்கள் சுயவிபரக் கோவையை ஒரு காலத்தில் பத்மாசனியின் மேசையில் வைத்துத் திருத்தி வாங்கியவர்கள். அந்தக் கோவையால் கிடைத்த வேலையில்தான் இன்றும் இருக்கிறீர்கள். ஆகவே கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். இது அவ்வளவு இனிமையாக இருக்காது.

நானும் அவரும் ஒரே வருடம் தற்காலிகமாகச் சேர்ந்தோம். ஆய்வுகூடத்துக்குப் பின்னால், ஃபோர்மலின் போத்தல்களுக்கு நடுவில், இருவருக்கும் சேர்த்து ஒரு மேசை தந்தார்கள். நியமனக் கடிதம் எப்போதும் பதினொரு மாதத்துக்குத்தான் வரும். பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வைத்திருந்தால் நாங்கள் உரிமை கேட்டுவிடுவோமாம். அவ்வளவு பெரிய பல்கலைக்கழகம் எங்கள் இருவருக்கும் அப்படிப் பயந்தது. அந்தப் பன்னிரண்டாவது மாதத்தில் நான் வெள்ளவத்தை வீட்டில் கிடந்து கூரையைப் பார்ப்பேன். பத்மாசனி வழமைபோல வந்து தொட்டியில் இருந்த நண்டுகளுக்குத் தீனி போட்டு, தண்ணீரின் உப்பை அளந்து கொப்பியில் எழுதிவிட்டுப் போவார். ஏன் சும்மா வருகிறீர் என்று ஒருமுறை கேட்டேன்.

"ஐசே, எங்களுக்குத்தான் கடிதம் முடிஞ்சது. நண்டுக்கு அது தெரியாது தானே" என்றார்.

அவர் மற்றவர்களின் சுயவிபரக் கோவையைப் பார்க்கத் தொடங்கியது அப்போதைய பேராசிரியர் ஒருவரால். அவருடைய பெயர் இங்கே வேண்டாம். வேண்டிய அளவுக்கு அது அவருடைய கோவையிலேயே இருக்கிறது. முப்பத்துநான்கு பக்கங்கள். அதைச் சுத்தமாகத் தட்டெழுதித் தரும்படி தற்காலிகப் பணியாளரிடம் கொடுத்தார், ஏனென்றால் தற்காலிகப் பணியாளர் அதற்குத்தான் இருக்கிறார். இரண்டு நாள் கழித்துப் பத்மாசனி அந்தக் கட்டோடு அவர் முன்னால் போய் நின்றார். நானும் கூடப் போயிருந்தேன்.

"சேர், 'பங்குபற்றிய மாநாடுகள்' எண்டு நாலு பக்கம் இருக்கு. இதில நீங்கள் பேசினது எது, இருந்து கேட்டது எது?"

"எல்லாம் ஒண்டுதானே, பத்மா."

"அப்ப, போய் நித்திரை கொண்டதுகளையும் சேர்ப்பமோ? இன்னும் ஒரு பக்கம் வரும்."

பேராசிரியர் உண்மையாகவே யோசித்தார். பிறகு, "வேண்டாம், இவ்வளவு காணும்" என்றார். நான் வெளியே ஓடிவந்து போத்தல்களுக்கு நடுவில் நின்று சிரித்தேன். பத்மாசனி சிரிக்கவில்லை. அவருக்கு அது பகிடியாகத் தெரியவில்லை. இல்லாததை எழுதுகிறவர்கள் மீது அவருக்கு இருந்தது சுத்தமான வெறுப்பு.

இந்தக் கதை பரவியது. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று மணிக்குமேல் கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே போகும் அந்த ஒழுங்கையில், மேல்மாடியில் அவரும் வசந்தியும் இருந்த வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கையில் ஒரு பக்கெட் பிஸ்கட், மற்றக் கையில் கோவை. அந்தக் கோவைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம்முடைய ஆட்கள் நாற்பது வயதில், முதுமாணிப் பட்டத்தோடு, மதம், பிறந்த இடம், விவாகமானவரா என்பதில் தொடங்குவார்கள். அடுத்தது பதினாறு வயதில் எழுதிய சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு. ஒன்பதாம் வகுப்பில் மாணவத் தலைவர், வலைப்பந்தாட்டக் குழுவில் உப தலைவி. மொழி அறிவு, மூன்று மொழியும் 'மிக நன்று'. முச்சக்கர வண்டிக்காரருக்குச் சிங்களத்தில் வழி சொல்லத் தெரியாமல் விரலைக் காட்டுகிறவர்கள்தான் இவர்கள். பொழுதுபோக்கு, வாசித்தல். எதை வாசித்தீர்கள் என்று பத்மாசனி கேட்டால் ஒழுங்கைப் பக்கம் பார்ப்பார்கள்.

அவர் கையில் பென்சில் ஒன்று இருக்கும். ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு ஒரே கேள்வியைத்தான் கேட்பார். "இதை நான் வந்து பார்க்கலாமோ?"

ஒருமுறை எங்கள் பிரிவைச் சேர்ந்த ஒருவர் 'ஆய்வுகூடத்தை நிர்வகித்தேன்' என்று எழுதிக்கொண்டு வந்தார். "வந்து பார்க்கலாமோ? சாவி ஆரிட்ட இருந்தது?" என்று பத்மாசனி கேட்டார். சாவி பியோனிடம் இருந்ததாக அவர் சொன்னார். "அப்ப நிர்வகிச்சது பியோன்" என்று சொல்லி வரியை வெட்டிவிட்டார். வந்தவர் தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பிப் போனார். பிஸ்கட்டையும் எடுத்துக்கொண்டு போனார் என்று வசந்தி இன்றும் சொல்வார்.

பல்கலைக்கழகத்துக்கு ஒன்று, வெளி வேலைக்கு ஒன்று என்று இரண்டு கோவைகள் வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். பலர் ஒன்றையே போட்டோகொப்பி எடுத்து எல்லா இடத்துக்கும் அனுப்பிவிட்டு, பதில் வரவில்லை என்று நாட்டைத் திட்டுவார்கள். "உள்ளுக்கு அனுப்பினால், நீர் இதுவரைக்கும் என்ன செய்தனீர் எண்டு கேப்பினம். எல்லாத்தையும் ஒழுங்கா அடுக்கும், கிடக்கட்டும். வெளியில அப்பிடி இல்லை. நீர் வந்தால் தங்கட எந்தத் தலையிடி போகும் எண்டுதான் பாப்பினம். உம்மட தலையிடியை ஏன் அங்க ஒன்பது பக்கத்தில எழுதுறீர்?" இதை அவர் எனக்கும் சொன்னார், மற்றவர்களுக்கும் சொன்னார். ஒருவரும் முதல்முறை கேட்டதில்லை.

ரிஸ்வானின் கதை உங்களில் சிலருக்குத் தெரியும். கொம்பனித்தெருவில் இருந்து வந்தவர், எங்களுக்குப் பின்னால் சேர்ந்த தற்காலிகம். பதினொரு மாதக் கடிதங்கள் அலுத்துப்போய் இரத்மலானையில் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனை வேலைக்கு விண்ணப்பிக்க வந்தார். கோவை ஒன்பது பக்கம். பத்மாசனி எட்டுப் பக்கத்தைக் குறுக்கே கோடிட்டு வெட்டினார்.

"மிஸ், இதெல்லாம் வெட்டினா நான் படிச்சதே இல்லன்னு ஆயிருமே" என்றார் ரிஸ்வான்.

"முதலாம் வருசப் பிள்ளைகள் எத்தினை பேருக்குச் செய்முறை வகுப்பு எடுத்தனீர்?"

"நூத்திருபது பேர்."

"எத்தினை நுணுக்குக்காட்டி?"

"பதினொண்ணு. ரெண்டு ஒடஞ்சது."

"ஒம்பதை வச்சு நூற்றிருபது பேரை எப்பிடிச் சமாளிச்சனீர்? அதை எழுதும். அதுதான் அவைக்கு வேணும்."

ரிஸ்வானுக்கு அந்த வேலை கிடைத்தது. ஒன்பது பக்கம் எழுதியபோது அவர் தன் வாழ்க்கையில் செய்த மிகக் கெட்டித்தனமான காரியம் அதில் எங்கேயும் இருக்கவில்லை. படித்தவர்களுக்கு இப்படி ஒரு வியாதி உண்டு. செய்ததை விட்டுவிட்டு, போய் இருந்ததை எழுதுவார்கள்.

இனி நான் எழுத வேண்டிய விடயத்துக்கு வருகிறேன். பதினான்கு வருடங்களுக்கு முன் எங்கள் திணைக்களத்தில் நிரந்தர விரிவுரையாளர் பதவி ஒன்று விளம்பரமானது. ஒன்றுதான். மேசையில் இருந்தது இரண்டு பேர். எனக்கு முப்பத்தெட்டு வயது, அவருக்கு முப்பத்தொன்பது. இதை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நிரந்தரமானால்தான் படிப்பு விடுமுறை, கலாநிதிப் பட்டம், தனி அறை, கதவில் பெயர் எல்லாம். ஆகாதவர் இன்னொரு பதினொரு மாதக் கடிதத்துக்குக் கைநீட்ட வேண்டும்.

தெரிவுக் குழு புள்ளித் திட்டம் ஒன்றை வைத்திருந்தது. ஆய்வுக் கட்டுரையில் முதலாவது பெயராக இருந்தால் மூன்று புள்ளி, இரண்டாவது பெயருக்கு ஒன்று. எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு கட்டுரை இருந்தது. களனி கங்கை கடலில் விழும் முகத்துவாரத்தில் உப்பு கூடிக் குறையும்போது நண்டுகள் எப்படி இடம்மாறுகின்றன என்பது பற்றியது. அதில் என் பெயர் முதலாவது.

அந்த வேலையைச் செய்தவர் பத்மாசனி. ஒரு முழு வருடமும் அடுத்த வருடத்தில் பாதியும், வற்றுப் பெருக்கு நேரம் பார்த்து, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி நண்டு பிடித்து அளந்தவர் அவர். தொட்டி அவருடையது, கொப்பி அவருடையது. நான் செய்தது பதினைந்து நாள் வேலை, அட்டவணை போட்டது. கட்டுரையை அனுப்பிய பிறகு யாழ்ப்பாணத்தில் அவருடைய அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து அவர் இரண்டு மாதம் அங்கே நின்றார். அந்த நேரத்தில் சஞ்சிகையிலிருந்து திருத்தம் கேட்டு வந்தது. நான் திருத்தி அனுப்பினேன். அனுப்பும்போது பெயர்களின் ஒழுங்கையும் மாற்றினேன். கடிதப் போக்குவரத்து எல்லாம் நான்தானே பார்க்கிறேன் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். அவரிடம் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது சஞ்சிகை மேசையில் கிடந்தது. அதை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அச்சு நல்லா வந்திருக்கு" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். வசதியானவற்றை அப்படி எடுத்துக்கொள்வதில் நான் கெட்டிக்காரன்.

விளம்பரம் வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, இதைவிட வெட்கம்கெட்ட காரியம் இருக்க முடியாது, நானும் பிஸ்கட் பக்கெட்டோடு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அதே பதவிக்கு விண்ணப்பிக்கிற பத்மாசனியிடம் என் கோவையைத் திருத்தித் தரச் சொல்லிக் கொடுத்தேன். அவரும் வாங்கினார். மூன்று மணி நேரம் இருந்து, என்னுடைய சிதறல்களை எல்லாம் கூட்டி அள்ளி ஒழுங்காக்கினார். வகுப்புகளை ஆண்டு வாரியாகப் போட்டார். நான் மறந்துபோயிருந்த ஒரு பாடத்திட்ட வேலையைக்கூட ஞாபகப்படுத்திச் சேர்த்தார். பிறகு பென்சில் கட்டுரைகளுக்கு வந்தது. நண்டுக் கட்டுரையில் நின்றது.

"இது உம்மட வேலையோ?"

வசந்தி தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்றார். பத்மாசனி என்னைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மறுப்பதற்கு நிறைய நேரம் இருந்தது.

"ஓம்" என்றேன்.

"சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

தன்னுடைய கோவையில் அதே கட்டுரையை என் பெயருக்குப் பின்னால் தன் பெயரைப் போட்டு எழுதினார். அச்சில் எப்படியோ அப்படித்தான் போட வேண்டும் என்றார். அடுத்த நாள் இருவரும் ஒன்றாகவே தபாற்கந்தோருக்குப் போனோம். உறையின் இடது மேல் மூலையில் பதவியின் பெயரை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும் என்பது விதி. என்னுடைய உறையில் அதை எழுத மறந்திருந்தேன். பத்மாசனி தன் பேனையால் எழுதித் தந்தார்.

நேர்முகப் பரீட்சையில் ஐந்து பேர் இருந்தார்கள். அவரிடம் கேட்ட முதல் கேள்வி, ஏன் இன்னும் கலியாணம் செய்யவில்லை என்பது. ஏழு வருடம் கற்பித்த ஒரு பெண்ணிடம் அறிவாளிகள் ஐந்து பேர் கூடி யோசித்துக் கேட்ட கேள்வி. என்னிடம் நண்டுக் கட்டுரையைப் பற்றிக் கேட்டார்கள். பத்மாசனியின் கொப்பியில் இருந்ததை அப்படியே சொன்னேன். மிகச் சிறப்பு என்றார்கள். பதவி எனக்குக் கிடைத்தது. பதிவாளர் அலுவலகத்து எழுதுவினைஞர் ஒருவர் வாழ்த்துச் சொல்லும் சாக்கில் புள்ளி வித்தியாசத்தையும் சொன்னார். ஒன்றரை. கணக்கு உங்களுக்கே விளங்கும். இரண்டு பெயரும் இருக்க வேண்டிய ஒழுங்கில் இருந்திருந்தால் அந்த இடம் பத்மாசனியுடையது.

அவர் அடுத்த கடிதத்துக்குக் காத்திருக்கவில்லை. ஒரே பின்னேரத்தில் தனக்கு ஒரு வெளிக் கோவை எழுதினார். ஒரு பக்கம். பேலியகொடையில் மீனும் நண்டும் ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றின் ஆய்வுகூடத்துக்கு. அங்கே முகாமையாளர் அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மற்றப் பக்கம் எங்கே என்று சிங்களத்தில் கேட்டாராம். மற்றப் பக்கத்தில் உங்களுக்கு உதவுகிற மாதிரி ஒன்றும் இல்லை என்று இவரும் சிங்களத்திலேயே சொன்னாராம். முகாமையாளர் அவரை முற்றத்துக்குக் கூட்டிப்போய் மூன்று பெட்டி நண்டைக் காட்டினார். இவர் கையை விட்டுப் புரட்டி, நடுப்பெட்டி ஆகாது என்றார். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். எங்கள் தெரிவுக் குழு ஐந்து பேரும் சேர்ந்து கண்டுபிடிக்காததை, ரப்பர் சப்பாத்துப் போட்ட ஒரு மனிதர் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தார்.

பதினான்கு வருடம் அங்கேயே இருந்தார், கடைசியில் எட்டுப் பேர் கொண்ட ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பாக. நான் படிப்பு விடுமுறையில் போய்க் கலாநிதியானேன், வந்து சிரேஷ்ட விரிவுரையாளரானேன். வட்ஸ்அப்பில் அவருக்குக் கொடுத்த இரண்டு பட்டங்களும் எவரிடம் இருக்கின்றன என்று இப்போது தெரிகிறதா? அந்தப் பதவி உயர்வுக்கான கோவையையும் நான் கொட்டாஞ்சேனைக்குத்தான் கொண்டுபோனேன். வேறு எங்கே போவது. என் பழைய சிதறல்கள் எல்லாம் அவருக்குத் தெரியும். அன்றைக்கு ஒருமுறை வாய் திறந்தேன்.

"பத்மா, அந்த நண்டுக் கட்டுரை..."

"பழசுகளைக் கடைசியில போடும், ஐசே. ஆரும் அவ்வளவு தூரம் வாசிக்க மாட்டினம்" என்றார்.

நான் கடைசியில் போட்டேன். அவர் சொன்னது சரி, ஒருவரும் வாசிக்கவில்லை.

பொரளையில் மலர்ச்சாலையில் அவரைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். திணைக்களம் ஒரு பதாகை கட்டியிருந்தது. அதில் அவருடைய பெயருக்குப் பின்னால் இருந்த எழுத்துகளை அவர் பார்த்திருந்தால் பென்சிலைத் தேடியிருப்பார். திணைக்களத் தலைவர் எழும்பி, பன்முக ஆளுமை என்றார், ஈடுசெய்ய முடியாத இழப்பு என்றார். ஏழு வருடமும் பதினொரு மாதத்துக்கு ஒருமுறை ஈடுசெய்துகொண்டுதானே இருந்தீர்கள் என்று கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்கவில்லை, முன்வரிசையில் இருந்தேன். அவருக்குப் பின் இன்னும் மூன்று பேர் பேசினார்கள். மூவரும் தங்களைப் பற்றித்தான் பேசினார்கள், இடையில் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டார்கள். ரிஸ்வான் மட்டும், "மிஸ் என்கிட்ட இருந்த நல்ல ஒரு விஷயத்த எனக்கே காட்டித் தந்தாங்க" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டார்.

பேலியகொடையிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்தார்கள். அநேகம் சிங்களப் பெண்கள், வேலை உடுப்போடு. உள்ளே இடம் இல்லாமல் வெளியே வெயிலில் நின்றார்கள். "அபே மிஸ்", எங்கள் மிஸ், என்று ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். அவர்கள் ஒருவரையும் பேசக் கூப்பிடவில்லை. எங்கள் ஆட்கள் கதிரையை விட்டு எழும்பவும் இல்லை.

கனத்தை மயானத்தில் எல்லாம் முடிந்து, ஆட்கள் வாகனங்களைத் தேடிக்கொண்டிருந்தபோது வசந்தி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, உங்களுக்கு அந்த இடம் கிடைச்ச நேரம் நான் ஒரு மாதம் உங்களோட கதைக்காமல் இருந்தனான். ஞாபகமோ?"

ஞாபகம் இருந்தது. அந்த மாதம் எனக்குத் தேத்தண்ணி வரவில்லை.

"அக்காவைத் தள்ளிப்போட்டு எடுத்தவர் எண்டு எனக்குச் சரியான கோவம். பிறகு அக்காதான் இருத்திவச்சுச் சொன்னவ. அந்த நண்டு வேலை முழுக்க நீங்கள் செய்ததாம், தான் சும்மா கூட நிண்டதாம், அதால உங்களுக்குக் கிடைச்சது நியாயம்தானாம். அக்கா பொய் சொல்ல மாட்டா தானே. அதுக்குப் பிறகுதான் எனக்கு மனம் ஆறினது. நீங்கள் எழுதித் தாங்கோ, அண்ணா. அவவை நல்லாத் தெரிஞ்சவர் நீங்கள்தான்."

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். எழுதித் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மற்றவர்களின் தாளில் 'நிர்வகித்தேன்' என்ற ஒரு சொல்லைக்கூடப் பொறுக்காத மனிதர், எனக்காகத் தன் வீட்டுக்குள் ஒரு முழுப் பொய்யைச் சொல்லி வைத்திருக்கிறார். எதற்காக? நான் தொடர்ந்து அந்தப் படியேறி வரவேண்டும் என்பதற்காகவா, தங்கையின் கோபம் தீரவேண்டும் என்பதற்காகவா, எனக்குத் தெரியாது. நான் அதற்குத் தகுதியானவன் இல்லை என்பது மட்டும் தெரியும். இவ்வளவு நேரமும் பேராசிரியரையும் திணைக்களத் தலைவரையும் மலர்ச்சாலையில் பேசியவர்களையும் திட்டினேன். அவர்கள் இல்லாததைத் தங்கள் பெயரில் எழுதிக்கொண்டவர்கள். நான் இன்னொருவரிடம் இருந்ததை எடுத்து எழுதிக்கொண்டவன். இந்த மலரில் என்னைவிடக் கேவலமான ஆள் ஒருவரும் இல்லை.

வசந்தி, அந்த நண்டு வேலை உங்கள் அக்காவுடையது. முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை அவருடையது. கூட நின்றது நான்தான், அதுவும் பதினைந்து நாள். உங்கள் கோபம் சரியானது, அதை நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இதை அச்சுக்குக் கொடுப்பதும் கொடுக்காமல் விடுவதும் உங்கள் விருப்பம். கொடுக்காவிட்டால் நான் வேறு இடத்தில் கொடுப்பேன். அவர் போன பிறகு இதைச் சொல்வதற்குப் பெரிய துணிச்சல் ஒன்றும் தேவையில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

இப்படியான மலர்களில் எழுதுகிறவர்கள் கடைசியில், அவருடைய சிரிப்பு என்னிடம் இருக்கிறது, அவருடைய வார்த்தைகள் என்னிடம் இருக்கின்றன என்று முடிப்பார்கள். என்னிடமும் பத்மாசனியுடையது ஒன்று இருக்கிறது. பதினான்கு வருடமாகக் காலையில் எட்டரைக்குப் போய்க் கையெழுத்து வைத்து நான் செய்துகொண்டிருப்பது அவருடைய வேலை. நாளைக் காலையும் அதற்குத்தான் போகிறேன்.